வலது ஓரத்தில் நிற்கிறவள்

அகலப்படக்காரர் எடுத்த கடற்கரைப் படங்கள் எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் நீலக் கவுன் போட்ட ஒரு பெண் நின்றாள். படம் எடுக்கும்போது அங்கே யாரும் நின்றதில்லை. படமோ கறுப்பு வெள்ளை. அவள் மட்டும் நிறத்தோடு இருந்தாள். கணுக்கால் அளவுத் தண்ணீரில், முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் எதையோ பிடித்தபடி நின்றாள். கடல் என்றுதான் இல்லை. ஏரிக்கரை, ஆற்றங்கரை, துறைமுகத்துப் படிக்கட்டு, நகராட்சி நீச்சல்குளத்தைத் திறந்துவைத்த விழா, எங்கே தண்ணீர் இருந்ததோ அங்கே அவளும் இருந்தாள். பள்ளிக்கூட மைதானத்திலும் தொழிற்சாலை வாசலிலும் எடுத்த படங்களில் வரமாட்டாள். ஒருமுறை தொழிற்சாலை வாசலில் குழாய் உடைந்து தண்ணீர் தேங்கியிருந்தது, அன்றைக்கு வந்தாள். படம் வாங்கியவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கென்று அவர் தனிக் கட்டணம் எதுவும் போடாததால் பேச்சு அத்தோடு முடிந்துபோயிற்று.

பேச்சு முடியாத இடம் ஒன்றே ஒன்று. அது அவருடைய வீடு.

அதற்கு முன்னால் அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் குழம்பிப்போவீர்கள். சாவி முடுக்கிவிட்டால் முக்காலியின் மேல் தானாகவே இடமிருந்து வலமாகச் சுற்றும் கேமரா அது. அது சுற்றச் சுற்ற உள்ளே ஃபிலிமும் ஓடும். கடைசியில் கை நீளத்துக்கு ஒரு அகலப்படம் கிடைக்கும். உயரம் ஒரு சாண்கூட இருக்காது. ஒரு கடற்கரை முழுவதும் அதில் அடங்கிவிடும். நேரான பாலம் அந்தப் படத்தில் வில்லாக வளையும். வளைந்த கரை கோடு போட்டதுபோல நேராகும். அதனால் கூட்டமாக ஆட்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால், முக்காலியில் கயிற்றைக் கட்டி, மணலில் அரைவட்டம் கிழித்து, அந்தக் கோட்டின் மேல் நிற்கவைப்பார். கேமரா தன்னைத் தாண்டும்வரை யாரும் ஆடக்கூடாது, தாண்டியபின் தும்மிக்கொள்ளலாம். எல்லாக் கூட்டத்திலும் ஒரு குறும்புக்காரன் இருப்பான். கேமரா தன்னைத் தாண்டியதும் பின்பக்கமாக ஓடி மறுகோடியில் போய் நின்றுகொள்வான். படத்தின் இரண்டு முனையிலும் அவனே இளித்துக்கொண்டிருப்பான். இதற்கு ஓட்டப்படம் என்று பெயர். ஓட்டப்படம் எடுத்துவிட்டால் ஒரு வழக்கம் உண்டு. கேமராவுக்கு மூடியைப் போட்டு இன்னொரு தடவை சும்மா சுற்றவிட்டு, ஓடியவர் முதலில் நின்ற இடத்தில் நின்று அவரைக் கூப்பிட வேண்டும். இது வெறுஞ்சுற்று. ஏன் என்று கேமராவை விற்றவருக்கும் தெரியாது, அவருக்கு விற்றவரும் சொல்லவில்லை. சாப்பிட்டபின் மாத்திரை போடுவதுபோல எல்லோரும் கேள்வி கேட்காமல் செய்துவந்தார்கள்.

வீட்டில் கீழ்த்தளம் அகலப்படக்காரருடைய அக்காவின் தையல்கடை. மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அந்தக் குளியலறைதான் அவருக்கு இருட்டறை. படம் கழுவும் நாட்களில் மனைவி தோளில் துண்டோடும் கையில் சோப்போடும் வெளியே காத்திருப்பாள். உள்ளே சிவப்பு விளக்கு, சாத்திய கதவு, தண்ணீர்ச் சத்தம், அவரும் அந்த ஓரத்துப் பெண்ணும். மருந்துத் தண்ணீரில் முதலில் எழும்பி வருவது வானமும் இல்லை, கடலும் இல்லை, அந்த நீலம்தான் என்பதை மனைவி ஒருநாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாளியைத் தரையில் வைக்கிற சத்தமே வேறாகிவிட்டது.

"யாருங்க அவ?" என்று கேட்டாள்.

"எவ?"

"ஓரத்துல நிக்கிறவ."

"அதுவா? லென்ஸ் கோளாறு."

"லென்ஸ் கோளாறுக்கு இடுப்பு இருக்குமா?"

அவர் படத்தைக் காயப்போடப் போனார். மனைவிக்கு அன்றிலிருந்து வேறு வேலையே ஓடவில்லை. தான் தலைமுடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்தபோது மூன்று நாள் கவனிக்காத மனுஷன், அந்த ஓரத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதை எண்ணிப் பார்த்தாள். தொழிற்சாலைக்குப் போகும் நாளில் முள்தாடியோடு போகிறவர் கடற்கரைக்குப் போகும் நாளில் மட்டும் முகம் மழிப்பதைக் கவனித்தாள். சட்டையை முகர்ந்தாள், உப்புக் காற்று வாசனைதான் வந்தது, அதுவும் அவளுக்கு ஒரு பெண்ணின் வாசனையாகவே பட்டது. ஒருமுறை பிடிவாதமாகக் கூடவே போய், கேமரா சுற்றி முடிகிற வலது கோடியில், தண்ணீருக்குள்ளேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள். எவள் வருகிறாள் பார்க்கலாம் என்றாள். யாரும் வரவில்லை. பாவாடை நனைந்ததுதான் மிச்சம். இரண்டு நாள் கழித்துப் படம் காய்ந்தது. அதில் பாறை இருந்தது. பாறையின் பக்கத்தில் நீலக் கவுன்காரி நின்றாள். மனைவி படத்திலேயே இல்லை.

அன்றைக்கு அவள் அழவில்லை. கீழே போய் நாத்தனாரின் கத்தரிக்கோலை எடுத்துவந்து, படத்தின் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்தை நறுக்கிப் போட்டாள். அதன் பிறகு எந்தத் தண்ணீர்ப் படமும் நறுக்கப்படாமல் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அடுத்த படத்தில் நீலக் கவுன்காரி இரண்டு விரல் உள்ளே தள்ளி நின்றாள். மனைவி இன்னும் கொஞ்சம் வெட்டினாள். அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தாள். இப்படியே வருஷங்கள் போயின. இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கென்று வேறு ஊர்களுக்குப் போனார்கள். மனைவிக்கு முட்டி வலி வந்தது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட படிப்புக் கண்ணாடி வந்தது. நீலக் கவுன்காரிக்கு ஒன்றும் வரவில்லை. நறுக்கல் தொடங்கும் முன்பே ஒரு படம் வாங்கி மாட்டியிருந்த கடற்கரை விடுதி முதலாளி தன் நீளமான தாழ்வாரத்துக்கு இன்னொன்று கேட்டு வந்தபோது, "கடலைவிட அந்தப் பொண்ணைத்தான் சார் எல்லாரும் நின்னு பாக்கறாங்க, இன்னும் கொஞ்சம் நடுவுல வந்தா நல்லாருக்கும்" என்றார். சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அது தவறி விழுந்த பாத்திரத்தின் சத்தம் இல்லை.

வெட்டிய துண்டுகளை மனைவி குப்பைக்கூடையில் போட்டுவந்தாள். விடிந்து பார்த்தால் கூடையில் உப்புத் தண்ணீர் நிரம்பியிருக்கும். சில நாட்களில் ஒரு சின்ன நண்டும் இருக்கும்; அதை அவள் ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிடுவாள், அதன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. நாளடைவில் தண்ணீர் தரையில் ஊறி, கீழே தையல்கடைச் சுவரில் இறங்கியது. நாத்தனார் படியேறி வந்தாள்.

"என்னடி இது, மேல கடலைக் குடிவெச்சிருக்கியா? என் துணியெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு!"

"எல்லாம் உங்க தம்பியோட ஆளாலதான் அண்ணி. நீங்களே பாருங்க. நல்லாப் பாருங்க." மனைவி ஒரு துண்டை எடுத்து நீட்டினாள், பூதக்கண்ணாடியையும் கொடுத்தாள்.

நாத்தனார் ஜன்னலோரம் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். "தையல் நல்லாருக்கு" என்றாள்.

"அண்ணி!"

"இருடி. தோள்ல சுருக்கு வெச்சிருக்கிற தினுசைப் பாரு. இப்படி இந்த ஊர்ல யாரும் வெக்க மாட்டாங்க, நேரம் புடிக்கும்." கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அவள் குரல் இறங்கியது. "பின்கழுத்துல பொத்தான் பச்சை. நீலத்துல ஒண்ணு குறைஞ்சுது, முடிக்குள்ள மறைஞ்சுடும்னு பச்சையை வெச்சுத் தெச்சேன். ஏண்டி, இது உன் கல்யாணத்துக்கு நான் குடுத்த கவுன். இது நீதான்டி."

தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? மனைவிக்கு அது தெரியாமல் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவள் சமையலறைக்குப் போய் அடுப்பு துடைக்கிற பழந்துணியை எடுத்துவந்தாள். அதுதான் அந்தக் கவுன். வாங்கி ஒரு வாரத்தில், முதல் தோய்ப்பிலேயே நீலம் முழுக்கப் போய்ச் சாம்பலாகிவிட்டது. சாயம் சரியில்லை என்று நாத்தனார் துணிக்கடைக்காரரோடு சண்டைகூடப் போட்டாள். கழுத்தில் அந்தப் பொத்தான் இருந்தது, அதுவும் சாம்பல் நிறத்தில். மனைவி அப்புறம் பரண்மேல் ஏறி, ஒற்றைச் செருப்பு ஒன்றைக் கண்டெடுத்தாள். வலது கால் செருப்பு. புதுசு என்று தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்தது. நீலக் கவுன்காரி கையில் பிடித்திருந்தது இடது கால் செருப்பு.

அப்போதுதான் அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான முதல் வாரம். கேமரா அப்போதுதான் வாங்கியது, அதைப் பரீட்சை பார்க்க இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். இடது கோடியில் அவள் நின்றாள். கேமரா தாண்டியதும் வலது செருப்பை நின்ற இடத்திலேயே உதறிவிட்டு, இடதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்தபடி அவர் முதுகுக்குப் பின்னால் ஓடி, வலது கோடியில் தண்ணீருக்குள் போய் நின்றாள். "ஓடு, ஓடு, வந்துருச்சு!" என்று அவரும் சிரித்தார். கேமரா நின்ற நிமிஷம் மழை பிடித்துக்கொண்டது. கேமரா நனையாமல் இருக்கத் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஃபிலிமில் தண்ணீர் இறங்கி அந்தப் படம் வீணாயிற்று, அதனால் இருவரும் அதை மறந்தும்போனார்கள். வெறுஞ்சுற்று சுற்றவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இடது கோடியில் நின்றவள் வீட்டுக்கு வந்தாள். வலது கோடிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் அதற்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்ததில்லை. கல்யாணமானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்புறம் என்னடி? இத்தனை வருஷமா உன்னைத்தான் கண்ணாடி போட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான் என் தம்பி" என்றாள் நாத்தனார். "சந்தோஷப்படு."

மனைவி சந்தோஷப்படவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேற எவளாவது இருந்தா முடியைப் புடிச்சு நாலு கேள்வி கேட்டிருப்பேன் அண்ணி. இவளை என்ன பண்றது?"

உங்களில் யாருக்காவது இது வேடிக்கையாக இருக்கலாம். அவளுக்கு இல்லை. அந்நியப் பெண்ணிடம் இல்லாத ஒரு குற்றத்தையாவது கண்டுபிடித்து மனதை ஆற்றிக்கொள்ள முடியும். மூக்கு சரியில்லை, நடை சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இவளிடம் அதற்கும் வழியில்லை. இவள் ஒரு சட்டைக்கும் இஸ்திரி போட்டதில்லை, ஒரு பிள்ளைக்கும் காய்ச்சலில் கண்விழித்ததில்லை, மாமியாரிடம் ஒரு பேச்சு வாங்கியதில்லை. அவர் பார்ப்பதெல்லாம் இவளை, சோறு கேட்பதெல்லாம் தன்னிடம்.

அவர் வேலை முடிந்து வந்தபோது செருப்பும் பழந்துணியும் மேஜைமேல் இருந்தன. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பெரியவன் பொறந்த வருஷத்துலேருந்து."

"அப்பவே மூடியைப் போட்டுச் சுத்திவிட்டுக் கூப்பிட்டிருக்கலாமே. ஏன் கூப்பிடல?"

அவர் செருப்பின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "கூப்பிட்டு அவ வந்துட்டா, நீ போயிடுவியோன்னு பயம்."

"நான் போயிடுவேன்னு பயமா, அவ வந்தா வயசாயிடுவாளோன்னு பயமா?"

அவர் செருப்பைக் கீழே வைத்து வாரை நேராக்கினார். அது போதும், மனைவிக்கு. மறுநாள் செருப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "கிளம்புங்க" என்றாள். "அதே இடத்துக்குப் போவோம். வெறுஞ்சுத்து சுத்துங்க. அவ வரட்டும். நீங்க யாரைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறுறீங்கன்னு நான் பாக்கறேன். அவதான்னா சொல்லிடுங்க, நான் அடுத்த பஸ்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிக்கறேன்."

அது சீசன் இல்லாத மாதம். கடற்கரையில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் கடை பூட்டியிருந்தது. அவர் முக்காலியை விரித்தார், கேமராவை ஏற்றினார், மூடியைப் போட்டார், சாவியை முடுக்கினார். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டதை மனைவி பார்த்தாள், அதையும் தன் கணக்கில் சேர்க்காமல் நீலக் கவுன்காரியின் கணக்கிலேயே சேர்த்தாள். கேமரா முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அவர் இடது கோடியில் போய் நின்றார். மனைவி அவருக்குப் பத்தடி பின்னால், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட வேண்டிய நேரம் வந்தது. அவருக்கு வேறு விதமாகக் கூப்பிடத் தெரியவில்லை. வீட்டில் தினமும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க வாயேன்."

"என்ன?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என்ன?" என்றது தண்ணீரிலிருந்து அதே குரல்.

நீலக் கவுன்காரி திரும்பினாள். ஈர மணலில் சாதாரணமாக நடந்து வந்தாள். வந்து, இடுப்பில் கைவைத்து, "யாரைக் கூப்ட்ட?" என்றாள். "யாரைக் கூப்பிட்டீங்க?" என்றாள் மனைவி. அவர் ஒருத்தியைப் பார்த்தார், இன்னொருத்தியைப் பார்த்தார், அப்புறம் கடலைப் பார்த்தார். கடல் அவருக்கு உதவவில்லை.

இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கொட்டுவதற்கு மனைவி வாயைத் திறந்தாள். அதற்குள் நீலக் கவுன்காரி அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். கயிறு கட்டிய கண்ணாடி, கைப்பை, இஸ்திரிப்பெட்டி சுட்ட மணிக்கட்டுத் தழும்பு. அந்தக் கண்களில் இருந்ததை மனைவி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். தினமும் தன் குளியலறைக் கண்ணாடியில் பார்க்கிறதுதான் அது.

"நீதானா அவ?" என்றாள் நீலக் கவுன்காரி. "ஒவ்வொரு தடவையும் கேமராவை மடக்கி வெச்சிட்டு, 'நேரமாச்சு, வீட்டுல காத்துக்கிட்டு இருப்பா'ன்னு தனக்குத்தானே சொல்லிட்டு ஓடுவான். ஒருநாள் கூட, இன்னும் கொஞ்சம் இருப்போம்னு இருந்ததில்ல. எவ அந்த மகாராணின்னு எனக்கு வயிறு எரியும்."

மனைவி இதை எதிர்பார்க்கவில்லை. "உன்னைத்தானே கண்ணாடி வெச்சுப் பாக்கறாரு" என்றாள், பாதிக் குரலில்.

"பாத்து? தண்ணியிலயே நிக்கிறேன் இத்தனை வருஷமா. ஒருநாளாவது கால் வலிக்குதான்னு கேட்டானா?"

"என்கிட்டயும் கேட்டதில்ல."

"முட்டியா?"

"ரெண்டும்."

இருவரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் முக்காலியின் திருகைச் சரிபார்க்கப் போய்விட்டார். மனைவி கைப்பையைத் திறந்து வலது செருப்பை எடுத்து மணலில் போட்டாள். நீலக் கவுன்காரி கையில் இருந்த இடது செருப்பை அதன் பக்கத்தில் போட்டாள். "நீயே போட்டுக்கோ, உன் கால்தான் ஊறிக்கிடக்கு" என்றாள் மனைவி. மேட்டில் பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள், பேசிக்கொண்டே ஏறினார்கள். கேமரா இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வெறுஞ்சுற்றைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதால் அவரால் அதை விட்டு நகர முடியவில்லை. யாரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவது என்று ராத்திரியெல்லாம் யோசித்துவைத்திருந்தவரை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. அவர் என்ன முடிவு எடுத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் அவர் வந்து சேர்ந்தபோது, தெருவிலேயே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முக்காலியைத் தோளில் வைத்தபடி படியில் நின்று கேட்டார். அந்தச் சிரிப்பை அவர் கடைசியாகக் கேட்டது ஒரு மழைக்கு முந்திய நிமிஷத்தில். உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றது. நாத்தனார் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, நீலக் கவுன்காரியின் கழுத்தில் பச்சைப் பொத்தானைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லையே" என்றார்கள் இருவரும்.

தெருக்காரர்கள் ஒரு வாரம், "தங்கச்சியா?" என்று கேட்டார்கள். "இல்ல, நான்தான்" என்று மனைவி சொன்னாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பிள்ளைகள் லீவுக்கு வந்தபோது முதல் நாள் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள், இரண்டாம் நாள் இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினார்கள். குப்பைக்கூடையில் தண்ணீர் சேருவது நின்றது. தையல்கடைச் சுவர் காய்ந்தது. நீலக் கவுன்காரிக்கு அந்த வருஷத்திலிருந்து மற்றவர்களைப்போல வயது ஏற ஆரம்பித்தது, அவளும் அதைப் பற்றி மற்றவர்களைப்போலவே குறைப்பட்டுக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அகலப்படக்காரர் தண்ணீர்ப் பக்கம் கிளம்பினால் இருவரும் கூடவே கிளம்பிவிடுகிறார்கள். வலது கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேமரா வருவதும் போவதும் தெரியாமல் பேசுகிறார்கள். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக் கத்திப் பார்க்கிறார். காது கேட்பதாகத் தெரியவில்லை. படத்தில் இருவருமே விழுகிறார்கள். நீலம் இரண்டு பேருக்குமாகப் பங்காகிக் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. விடுதி முதலாளி புதுப் படத்தைத் தாழ்வாரத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டு பேரா? அதே விலைதானே?" என்றார். அதே விலைதான் என்றார் இவர். மாட்டிவிட்டார்கள்.

படம் கழுவுகிற நாளில் குளியலறைக் கதவு முன்போலவே சாத்தியிருக்கிறது. உள்ளே சிவப்பு விளக்கில் அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்து, ஒட்டி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு முதுகுகளையும், ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கும் தலைகளையும் நேரம் போவது தெரியாமல் பார்க்கிறார். வெளியே இருவரும் தோளில் துண்டோடு நின்று கதவைத் தட்டுகிறார்கள்.

"இந்தப் படத்துல ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஒருநாள்.

"அதுவா? லென்ஸ் கோளாறுங்க" என்றாள் மனைவி. கதவுக்கு வெளியே அந்தச் சிரிப்பு எழுந்தது. அவர் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.